‘ஜீன்லயே இருக்கு’ என்கிறோமே, அங்கே உண்மையில் என்ன இருக்கிறது?

பையன் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டால் ‘அப்படியே தாத்தா குணம்’ என்பார்கள். கணக்கில் நூறு வாங்கினால் ‘அம்மா வழி மூளை’. குடிக்கிறவரின் மகனும் குடித்தால் ‘ரத்தத்திலேயே ஊறினது’. இந்தப் பேச்சு இப்போது ரத்தத்தை விட்டு ஜீனுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. சொல்தான் புதிது. பிறக்கும்போதே எழுதியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்ற எண்ணம் பழையதுதான்.

எதிர்த்தரப்பும் உண்டு. எல்லாம் வளர்ப்புதான், ஜீனாவது ஒன்றாவது என்பவர்கள். இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. ஜீன் என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமலே அதற்குப் பங்கு பிரிக்கிறார்கள்.

## உயிரியல் வேறு, மரபணு வேறு

ஒருவர் சில மாதங்களாகப் படுத்தே கிடக்கிறார். எதிலும் நாட்டமில்லை, மறதி, எரிச்சல். வீட்டில் சோம்பேறி என்று பெயர் வைத்தாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனின் அளவு எகிறியிருக்கிறது. தைராய்டு சுரப்பி போதுமான அளவு சுரக்கவில்லை. தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட ஆரம்பித்துச் சில வாரங்களில் ஆள் மாறுகிறார்.

இங்கே நடத்தைக்குக் காரணம் உயிரியல், அதாவது உடலுக்குள் நடக்கும் வேலை. ஆனால் அந்தச் சுரப்பி ஏன் தளர்ந்தது? அயோடின் குறைவாக இருக்கலாம், அறுவை சிகிச்சையில் நீக்கியிருக்கலாம், உடலின் எதிர்ப்பு அமைப்பே அதைத் தாக்கியிருக்கலாம். கடைசிக் காரணத்தில் மரபணுவுக்குப் பங்குண்டு, முதல் இரண்டில் அநேகமாக இல்லை.

இன்னொன்று. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சால் என்ற மருந்து மூளையில் டோபமைன் என்ற, செய்தி கடத்தும் வேதிப்பொருளைப் போல வேலை செய்யும். அதை எடுப்பவர்களில் சிலருக்கு, வாழ்நாளில் சீட்டைத் தொடாதவருக்குக்கூட, சூதாட்ட வெறி பிடித்துக்கொள்கிறது. மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஜீன் அப்படியே இருக்க, ஆள் மாறினார், பிறகு பழையபடி மீண்டார்.

ஆகவே ‘மூளையில் மாற்றம் தெரிகிறது’ என்ற செய்தியைப் படித்ததும் ‘அப்போ பிறவிக் குணம்’ என்று முடிவுகட்டக் கூடாது. பழக்கம், நோய், மருந்து, தூக்கமின்மை எல்லாமே மூளையில் தடம் பதிக்கும்.

## சமையல் நோட்டு

மரபணு என்பது புரதம் செய்வதற்கான குறிப்பு. டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் சுமார் 300 கோடி வேதி எழுத்துகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே புரதம் செய்யச் சொல்லும் பகுதிகள் சுமார் 20,000.

கல்யாணச் சமையல் மாஸ்டரிடம் ஒரு தடித்த நோட்டு இருக்கும். ஜாங்கிரி போடுபவர் தன் பக்கத்தைத் திறப்பார், ரசம் வைப்பவர் வேறு பக்கத்தை. உடலிலும் ஏறக்குறைய எல்லா உயிரணுவுக்கும் முழு நோட்டும் கையில் உண்டு. கல்லீரல் உயிரணு சில பக்கங்களைத் திறக்கிறது, மூளையின் நரம்பணு வேறு சில பக்கங்களை. எந்தப் பக்கம், எப்போது, எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைச் சாப்பாடு, ஹார்மோன், நோய்த்தொற்று, மன அழுத்தம் என்று பலவும் பாதிக்கின்றன.

நோட்டைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினாலும் ‘கோபம்’ என்று ஒரு குறிப்பு கிடைக்காது. இன்ன புரதம், இன்ன வரிசை என்று மட்டுமே இருக்கும். புரதத்திலிருந்து நடத்தைவரை உள்ள தூரம் அதிகம். அதை முழுவதும் நடந்து பார்க்க முடிந்த வழிகள் மிகச் சில. அவற்றில் ஒன்று மதுக் கோப்பைக்குப் போகிறது.

## ஒரு எழுத்து, ஒரு நொதி, ஒரு கோப்பை

குடித்த சாராயத்தைக் கல்லீரல் இரண்டு படியில் உடைக்கிறது. முதல் படியில் அது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாகிறது. இரண்டாம் படியில் அந்த நச்சு தீங்கில்லாத அசிட்டேட் ஆகிறது. இந்த இரண்டாம் படியைச் செய்வது ஏ.எல்.டி.எச்.2 என்ற நொதி. நொதி என்றால் வேதி மாற்றத்தை வேகமாக முடித்துத் தரும் புரதம்.

ஜப்பான், சீனா, கொரியா நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர்வரை, இந்த நொதியின் குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் நொதி வலுவிழக்கிறது, நச்சு தேங்குகிறது. அரை கிளாஸ் பீரிலேயே முகம் செக்கச் செவேலென்று ஆகும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். குடி இனிக்காது. ஆகவே இவர்கள் பொதுவாகக் குறைவாகக் குடிக்கிறார்கள், குடிநோயாளி ஆவதும் குறைவு.

இந்த ஜீன் ‘ஒழுக்கம்’ எதையும் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். அது ஒரு நொதியைக் கெடுத்தது. நொதி உடலில் ஓர் உணர்வைத் தந்தது. அந்த உணர்வை வைத்து மனிதர் முடிவெடுத்தார்.

அந்த முடிவில் ஊருக்கும் பங்குண்டு. ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த குடிநோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு ஜீனும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும். இந்த மாற்றத்தின் ஒரு பிரதியைச் சுமந்தவர்கள் 1979-ல் 2.5 சதவீதம், 1986-ல் 8 சதவீதம், 1992-ல் 13 சதவீதம். பதின்மூன்று ஆண்டில் ஒரு நாட்டின் ஜீன் மாறிவிடாது. மாறியது குடிக்கும் சூழல். முகம் சிவந்தாலும் பரவாயில்லை, எல்லோரோடும் சேர்ந்து குடி என்று தள்ளும் சமூகம் அந்தத் தடுப்பை மெல்லத் தாண்ட வைத்தது. இரண்டு பிரதியும் மாறியவர்களோ அப்போதும் குடிநோயாளிகளில் ஏறக்குறைய இல்லை. அவ்வளவு குமட்டலை எந்தச் சமூகமும் தாண்டவைக்க முடியவில்லை.

நம் ஊர் போதை மறுவாழ்வு மருத்துவத்தில் பயன்படும் டைசல்ஃபிராம் மாத்திரை இதே நொதியைத்தான் தடுக்கிறது. அந்த ஜீன் மாற்றம் இல்லாதவருக்கு அதன் விளைவை மாத்திரை வழியாகக் கொடுக்கிறார்கள் என்று சொல்லலாம். மாத்திரையை நிறுத்தினால் விளைவும் நின்றுவிடும், ஆகவே நோயாளியின் சம்மதம் இல்லாமல் இது பலிக்காது. அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து போடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. செய்யவே கூடாத வேலை அது. விவரம் தெரியாமல் அவர் வழக்கம்போல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதுவரை வந்த தூரம்: ஜீன் புரதத்தைச் செய்கிறது, புரதம் உடலின் போக்கை மாற்றுகிறது, உடலின் போக்கு ஒரு செயலை எளிதாக்கும் அல்லது கடினமாக்கும். செயல் நடப்பது சூழலுக்குள்.

## எழுதிவைத்தது போன்ற நோய்களும் உண்டு

ஒற்றை ஜீன் பிழை ஒன்றே தீர்மானிக்கும் நோய்கள் இருக்கின்றன. ஹண்டிங்டன் நோய் அப்படி. நான்காம் குரோமோசோமில் (டி.என்.ஏ. இழையின் ஒரு துண்டு) உள்ள ஒரு ஜீனில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது 40 முறைக்கு மேல் போனால், இயல்பான ஆயுள் வாழ்பவருக்கு நோய் வருவது ஏறக்குறைய உறுதி. பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தொடங்கும். கை கால் தானாக ஆடுவதற்கு முன்பே எரிச்சல், மனச்சோர்வு, முடிவெடுக்கத் தடுமாறுவது தலைகாட்டலாம். அந்த ஜீனை 1993-ல் அடையாளம் கண்டார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 50 சதவீதம்.

பி.கே.யு. என்ற நோயும் ஒற்றை ஜீன் நோய்தான். ஆனால் அது சொல்லும் கதை நேர்மாறு. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வந்தால், உணவுப் புரதத்தில் உள்ள பினைலாலனின் என்ற பொருளைக் குழந்தையின் உடலால் உடைக்க முடியாது. அது தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நார்வே மருத்துவர் ஃபோலிங் 1934-ல் இதைக் கண்டறிந்தார். பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனை 1960-களில் வந்தது. கண்டுபிடித்த உடனே பினைலாலனின் குறைந்த சிறப்புப் பால்மாவு கொடுத்து, பால், முட்டை, இறைச்சி, பருப்பு இவற்றைக் கணக்காகக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலான குழந்தைகள் இயல்பான அறிவுத்திறனோடு வளர்கிறார்கள். முழுக்க முழுக்க மரபணு நோய், தீர்வு சாப்பாட்டுத் தட்டில். ‘மரபணு’ என்றால் ‘மாற்ற முடியாதது’ என்று பொருளல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இரண்டு பிரதியும் பிழையானால் மட்டுமே வரும் இந்த வகை நோய்கள் சொந்தத்தில் முடிக்கும் திருமணங்களில் சற்று அதிகம். அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே பிழையைப் பெற்றிருக்கலாம். தாய்மாமன், அக்கா மகள் திருமணத்தில் அந்த வாய்ப்பு இன்னும் கூடும்.

ஆனால் கூச்சம், கோபம், மனச்சோர்வு, படிப்பு ஆகியவை இப்படி ஒற்றை ஜீனில் தொங்குபவை அல்ல. அவற்றுக்கு வேறு கணக்கு.

## இரட்டையர் கணக்கு

ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்கள் ஒருகரு இரட்டையர். டி.என்.ஏ. ஏறக்குறைய அச்சு அசல். இரண்டு தனி முட்டைகளிலிருந்து பிறப்பவர்கள் இருகரு இரட்டையர். ஆளுக்கு ஆள் மாறுபடும் டி.என்.ஏ. பகுதிகளில் இவர்கள் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள், மற்ற அண்ணன் தம்பி, அக்கா தங்கையைப் போல. இரண்டு வகையினரும் ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே வயது.

ஏதோ ஒரு குணத்தை அளக்கிறோம் என்று வையுங்கள். முழு ஒற்றுமைக்கு 1 என்று வைத்தால், ஒருகரு ஜோடிகளுக்குள் ஒற்றுமை 0.60, இருகரு ஜோடிகளுக்குள் 0.35. வித்தியாசம் 0.25. டி.என்.ஏ. பகிர்வில் பாதி அளவு கூடியதால் வந்த ஒற்றுமை இது. முழு அளவுக்கு இரண்டால் பெருக்கினால் 0.50. இதைத்தான் மரபுவழிப் பங்கு 50 சதவீதம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஹெரிட்டபிலிட்டி.

ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆய்வுகளைத் திரட்டி 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் 17,804 பண்புகள், சுமார் 1.45 கோடி ஜோடிகள் கணக்கில் வந்தன. ஒரே ஜோடி பல ஆய்வுகளில் எண்ணப்பட்டதும் இதில் சேரும். எல்லாப் பண்புக்கும் சேர்த்துச் சராசரி மரபுவழிப் பங்கு 49 சதவீதம்.

மீதி எல்லாமே வளர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் தற்செயலும் அளவீட்டுப் பிழையும் அடக்கம். ஒருகரு இரட்டையரின் கைரேகைகூட ஒன்றாக இருப்பதில்லை. கருப்பையில் விரல் நுனித் தோல் வளரும்போது ஏற்படும் சின்னச் சின்ன அழுத்த மாறுதல்கள் ரேகையை வேறாக்கிவிடுகின்றன. விரல் நுனிக்கே இந்தக் கதி என்றால் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இணையும் மூளையில் தற்செயலுக்கு எவ்வளவு இடம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

## தயிரில் பாலின் பங்கு எத்தனை சதவீதம்?

அதிகம் தவறாகப் படிக்கப்படும் எண் இந்த 49தான். ‘என் கோபத்தில் பாதி அப்பா கொடுத்தது, மீதி நானாகச் சேர்த்தது’ என்று அதற்குப் பொருளே இல்லை.

ஒரு கிண்ணத் தயிரை எடுத்துக்கொள்வோம். இதில் பாலின் பங்கு எவ்வளவு, உறைமோரின் பங்கு எவ்வளவு? கேள்வியே தப்பு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தயிர் இல்லை.

இப்போது ஒரு தெருவில் இருபது வீட்டுத் தயிரை ருசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் புளிப்பு, ஒரு வீட்டில் கெட்டி, ஒரு வீட்டில் நீர்த்துக் கிடக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம், அதற்குப் பதிலும் உண்டு. இருபது வீட்டிலும் ஒரே பாக்கெட் பால் என்றால் வேறுபாடு முழுக்க உறைமோராலும் உறைய விட்ட நேரத்தாலும் வந்தது, பாலின் பங்கு பூஜ்யம். இருபது வீட்டுக்கும் ஒரே பாட்டி ஒரே நேரத்தில் உறை ஊற்றி, பால் மட்டும் எருமை, பசு, பாக்கெட் என்று மாறினால் பாலின் பங்கு நூறு. பால் செய்யும் வேலையும் மாறவில்லை, மோர் செய்யும் வேலையும் மாறவில்லை, வீட்டுக்கு வீடு எது வேறுபட்டது என்பதுதான் மாறியது. எண் தலைகீழாகிவிட்டது.

மரபுவழிப் பங்கு இதுதான். ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில், குறிப்பிட்ட காலத்தில், ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதன் அளவு. தனி ஒருவரைப் பற்றி அது பேசாது.

இதிலிருந்து சில விநோதங்கள் வரும். கைக்கு ஐந்து விரல் என்பது ஜீன் செய்த ஏற்பாடு. ஆனால் விரல் குறைந்தவர்களில் பெரும்பாலோர் விபத்தில் இழந்தவர்கள், ஆகவே விரல் எண்ணிக்கையின் மரபுவழிப் பங்கு மிகக் குறைவு. மறுபக்கம், தலையில் மல்லிகை வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் யார் வைக்கிறார்கள், யார் வைப்பதில்லை என்பதை எக்ஸ், ஒய் குரோமோசோமை வைத்தே பெருமளவு ஊகித்துவிடலாம். மல்லிகைக்கென்று ஜீன் இருக்கிறதா என்ன? ஊர் வழக்கம் குரோமோசோமைப் பார்த்துப் பூவைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆண் பெண் வேறுபாட்டை ஆய்வாளர்கள் முன்பே கணக்கில் கழித்துவிடுவார்கள். ஆனால் தோல் நிறம், முகவெட்டு, பேச்சு வேகம் பார்த்து ஆசிரியரும் முதலாளியும் நடத்தும் விதம் மாறுவதை அவ்வளவு சுலபமாகக் கழிக்க முடியாது.

இரண்டு கூட்டங்களை ஒப்பிடவும் இந்த எண் உதவாது. உயரத்தின் மரபுவழிப் பங்கு சுமார் 80 சதவீதம், பெரும்பாலான நடத்தைகளைவிட அதிகம். அப்படியிருந்தும் 1896-ல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996-ல் பிறந்தவர்கள் சராசரியாகச் சுமார் 20 செ.மீ. உயரம். ஜீன் அதேதான். சோறும் சுகாதாரமும் மாறின. எல்லை தாண்டி, அதே வம்சத்து வடகொரியர்கள் இன்றும் குட்டையாக இருக்கிறார்கள். ‘இந்தச் சாதிக்கு வியாபார ரத்தம், அந்தச் சாதிக்குப் படிப்பு ஏறாது’ என்று மரபணுவைச் சாட்சிக்கு இழுப்பவர்களுக்கு இந்த 20 செ.மீ. போதும்.

சுருக்கமாக: சதவீதம் பேசுவது வேறுபாட்டை. சூழல் மாறினால் எண்ணும் மாறும். எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ‘மாற்ற முடியாது’ என்று ஆகாது.

## ஜீன் வேட்டை தவறிய இடம்

1990-களில் ஆளுக்கொரு ஜீனைப் பிடித்து ஒரு குணத்தோடு முடிச்சுப்போட்டார்கள். செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தின் ஜீன் மனச்சோர்வுக்கு என்றார்கள். அதன் மேல் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. பல ஆய்வுகளில் சில நூறு பேர்தான் மாதிரி. சிறு கூட்டத்தில் தற்செயலாக எழும் பொருத்தம் பிரசுரமாகும், பொருந்தாதது மேசைக்குள் தூங்கும். 2019-ல் லட்சக்கணக்கானோர் தரவில் இப்படிப் புகழ்பெற்ற 18 ஜீன்களைச் சோதித்தார்கள். மனச்சோர்வுக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வேறு ஜீன்களைவிட மேலாக இல்லை.

எம்.ஏ.ஓ.ஏ. ஜீன் கதை இன்னும் மோசம். 1993-ல் ஒரு டச்சுக் குடும்பத்தில் அந்த ஜீன் அடியோடு வேலை செய்யாத ஆண்கள் சிலரிடம் வன்முறைப் போக்கு காணப்பட்டது. மிக அரிதான பிழை அது. பிறகு, உலகெங்கும் கோடிக்கணக்கானோரிடம் உள்ள அதே ஜீனின் சாதாரண மாறுபாட்டுக்கும் ‘போர்வீரன் ஜீன்’ என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். 2009-ல் இத்தாலியின் டிரீஸ்டே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு கொலைக் குற்றவாளி ஒருவரின் தண்டனையில் ஓர் ஆண்டைக் குறைத்தது.

இன்றைய முறை வேறு. லட்சக்கணக்கானோரின் டி.என்.ஏ. முழுவதையும் சலித்து எங்கெங்கே மாறுபாடு குணத்தோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்கிறார்கள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கு 2022-ல் 287 இடங்கள் தெரிந்தன. எத்தனை ஆண்டு படிக்கிறார்கள் என்பதோடு தொடர்புள்ள இடங்கள், 30 லட்சம் பேரைப் பார்த்ததில், ஏறக்குறைய 4,000. ஒவ்வொன்றின் விளைவும் தம்மாத்தூண்டு. அத்தனையையும் கூட்டிப் போட்ட மதிப்பெண்ணும் படிப்பு வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதத்தையே விளக்குகிறது. ஒரே வீட்டு அண்ணன் தம்பியை ஒப்பிட்டால் அதுவும் பெருமளவு சுருங்குகிறது. ஏனென்றால் பெற்றோர் ஜீனை மட்டும் கொடுப்பதில்லை, அந்த ஜீனோடு சேர்ந்த வீட்டையும் கொடுக்கிறார்கள். புத்தகப் பிரியையான தாய் மகளுக்குத் தன் டி.என்.ஏ.வில் பாதியைத் தருகிறாள், அலமாரியை முழுதாகத் தருகிறாள். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினர் மேல் நடந்தவை என்பதால் நம்மவர்களிடம் மதிப்பெண்ணின் கூர்மை இன்னும் மழுங்கும்.

## வீட்டு வாசலுக்கு வரும் கேள்விகள்

‘குழந்தையின் திறமையைக் கண்டறிகிறோம்’ என்று விற்கப்படும் கைரேகைச் சோதனையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அச்சு அசல் ஒரே டி.என்.ஏ. உள்ள இருவருக்கே ரேகை வேறு என்று மேலே பார்த்தோம். எச்சில் வாங்கி டி.என்.ஏ.வைப் பார்த்து ‘இவன் இன்ஜினீயர், இவள் பாடகி’ என்று சொல்வதும், இன்றைய அறிவில், காசுக்குப் பிடித்த கேடு.

கனமான கேள்வி வரன் பார்க்கும்போது வருகிறது. ‘மாப்பிள்ளையோட அப்பாவுக்கு மனச்சிதைவாம், வேண்டாம்’ என்று பேச்சு முறியும். எண்கள் என்ன சொல்கின்றன? பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்த நோய் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் நூறில் சுமார் பத்து. பத்து மடங்கு என்று பயப்படலாம், தொண்ணூறு பேருக்கு வரவில்லை என்றும் படிக்கலாம். இரண்டும் ஒரே எண்தான். ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவாகவே. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அம்மா, அப்பா இருவரிடமும் அந்த நோய் இருந்ததில்லை. ‘எங்க பரம்பரையிலேயே இல்லை’ என்று மார்தட்டும் குடும்பத்திலும் அது வரலாம்.

குடும்ப வரலாறு உண்மையில் உதவும் இடம் மருத்துவரின் அறை. ‘வீட்டில் யாருக்காவது இருந்ததா?’ என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மா வழியா அப்பா வழியா, என்ன வயதில் தொடங்கியது, தற்கொலை முயற்சி இருந்ததா, எந்த மாத்திரை கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை. உதாரணமாக, இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் நன்றாகக் கேட்ட ஒருவரின் நெருங்கிய சொந்தத்தில் அதே நோய் வந்தால் அவருக்கும் அது கேட்கும் வாய்ப்பு அதிகம். சித்தப்பாவின் பழைய மருந்துச் சீட்டு பீரோவில் கிடந்தால் போகும்போது அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.